ஒரு கட்டமும் காலி விடாத டீச்சர்

பள்ளி வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அதன் தலைப்பில் 'இன்றைய சிந்தனை' என்று பெயிண்டில் எழுதியிருக்கும். கீழே தினமும் ஓர் ஆசிரியர் முறைவைத்து ஏதாவது எழுத வேண்டும். பாதி நாள் அது காலியாகவே கிடக்கும். முறைக்காரர் மறந்திருப்பார், அல்லது லீவு போட்டிருப்பார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பயிற்சிக்கு வந்த அந்த டீச்சர் மட்டும் காலிப் பலகையைத் தாண்டி உள்ளே போக மாட்டார். பையைக் கீழே வைத்துவிட்டு, என்னிடம் சாக்பீஸ் வாங்கி, நின்றபடியே யோசித்து ஒரு வரி எழுதுவார். 'நேரம் கடிகாரத்தில் இல்லை, நம் மனத்தில் இருக்கிறது' என்கிற மாதிரி. எழுதியவர் பெயருக்கு விட்ட இடத்தில் 'ஓர் அறிஞர்' என்று போடுவார்.

ஒரு நாள் தமிழ் ஐயா நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்.

"யாரு டீச்சர் அந்த அறிஞரு?"

"யாராவது சொல்லியிருப்பாங்க சார்."

"சொல்லலன்னா?"

"இனிமே சொல்லுவாங்க."

எல்லோரும் சிரித்தோம். இரண்டு வாரம் கழித்துக் காலை வணக்கக் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "ஓர் அறிஞர் கூறியதைப் போல" என்று தொடங்கி அதே வரியைப் பேசினாள். டீச்சர் வரிசையின் ஓரத்தில் நின்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். தான் எழுதியது என்ற நினைவே முகத்தில் இல்லை. நிஜமாகவே ஓர் அறிஞர் சொன்னதைக் கேட்பது போலத்தான் கேட்டார்.

நான் அந்தப் பள்ளியில் மணி அடிக்கிறவன். பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த தற்காலிக ஆள். தண்ணீர்த் தொட்டி நிரப்புவது, சுற்றறிக்கையை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது, ஆசிரியர் அறைக்கு டீ வாங்கி வருவது எல்லாம் என் வேலை. அதற்கு முன் திருப்பூரில் பனியன் கம்பெனி, கேரளாவில் ஹோட்டல், கம்மாபுரம் பக்கம் லாரி கிளீனர், பிறகு கடலூர் துறைமுகத்தில் படகுக்கு ஐஸ் ஏற்றும் வேலை. ஓரிடத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவன் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்குவது எனக்கே வேடிக்கையாக இருந்தது. பள்ளி கடலூரில், கடற்கரைக்குப் போகிற சாலையில் இருந்தது. எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம்.

டீச்சருக்கு முப்பத்துநாலு வயது. சிதம்பரத்தில் கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் வீடு. வேதியியலில் மேல்படிப்பு முடித்துப் பல வருடம் வீட்டில் இருந்துவிட்டு, பிறகு பி.எட். சேர்ந்தவர். அவர் படித்த கல்லூரியில் ஒரு முழுக் கல்வியாண்டையும் ஒரே பள்ளியில் கழித்துப் பாடம் நடத்த வேண்டும் என்று ஏற்பாடு. ஜூனில் வந்தால் ஏப்ரல் வரை. கடைசியில் தலைமையாசிரியர் பயிற்சிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். இல்லாவிட்டால் அந்த வருடம் போச்சு, மறுபடி முதலிலிருந்து. சான்றிதழோடு வந்தால் ஜூனில் எடுத்துக்கொள்கிறோம் என்று ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு தனியார் பள்ளி சொல்லியிருந்தது. அவர் கணவருக்கு முதுகில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் இருந்தது. இதையெல்லாம் அவர் புலம்பியதில்லை. "இந்த ஒரு வருஷம் முடிஞ்சா போதும் அண்ணே" என்பார், அவ்வளவுதான்.

பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு நோட்டு ஜாஸ்தி. பாடக்குறிப்பு நோட்டு, மற்ற ஆசிரியர்களின் வகுப்பைப் பார்த்து எழுதும் நோட்டு, ஒரு குழந்தையைப் பற்றி மட்டும் எழுதும் கேஸ் ஸ்டடி நோட்டு. மற்றவர்கள் கடைசி வாரத்தில் கண் எரிய உட்கார்ந்து எழுதுவார்கள். இவர் நோட்டில் எப்போதும் நேற்று வரைக்கும் எழுதியிருக்கும். சில பக்கங்களில் நாளைக்கும் எழுதியிருக்கும்.

"காலியா இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க அண்ணே." இது அவர் அடிக்கடி சொல்வது. ஒருமுறை ஏன் என்று கேட்டேன். படித்து முடித்த புதிதில் ஓர் அரசு வேலைக்கு விண்ணப்பித்தாராம். 'ஆம், இல்லை' என்று ஒரு கட்டம். தனக்குப் பொருந்தாத கேள்வி என்று இரண்டையும் தொடாமல் விட்டிருக்கிறார். அந்த ஒரு கட்டத்துக்காக விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அடுத்த முறை அந்த வேலைக்கு ஆள் எடுத்தபோது வயது தாண்டிவிட்டது. "நான் தப்பா எழுதியிருந்தாகூட வேலை கெடைச்சிருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

பாடம் நன்றாக நடத்துவார். பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கும். குரலை உயர்த்த மாட்டார், யாரையும் தொட்டு அடித்ததில்லை. ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. பாடக்குறிப்பு நோட்டில் ஒரு பக்கம் ஆசிரியர் கேட்கும் கேள்வி, மறு பக்கம் மாணவர் சொல்லும் பதில். மாணவர் பதிலையும் முந்தின நாளே எழுதிவிடுவார். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று பிறகு தெரிந்தது. வகுப்பில் பிள்ளை வேறு பதில் சொன்னால் மற்றவர்கள் விட்டுவிடுவார்கள். இவர் விட மாட்டார். சிரித்த முகத்தோடு அதே கேள்வியை இன்னொரு விதமாகக் கேட்பார். அப்புறம் இன்னொரு விதமாக. நோட்டில் இருக்கிற பதில் வரும் வரை கேட்பார். தண்ணீர் வாளியோடு வராந்தாவில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு பையன் நாலு தடவை எழுந்து உட்கார்ந்து, ஐந்தாம் தடவை அவர் கண்ணைப் பார்த்தே பதிலைக் கண்டுபிடித்துச் சொன்னான். "வெரி குட்" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

என் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருடம் கழகத்துக்குப் புதுத் தலைவர் வந்தார். தற்காலிக ஆட்களெல்லாம் விவரம் எழுதிக் கொடுக்க வேண்டும், குறைந்தது எட்டாம் வகுப்பாவது தேறியிருக்க வேண்டும் என்றார். நான் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். டீச்சர் வாங்கிப் பார்த்தார்.

"கல்வித் தகுதி காலியா இருக்கே அண்ணே."

"எட்டாவதுல நின்னுட்டேன் டீச்சர்."

"எட்டாவது வரைக்கும் போனீங்கல்ல?"

"பாதி போனேன்."

"பாதின்னு எழுத இங்க எடமில்ல" என்று சொல்லி, 'எட்டாம் வகுப்பு தேர்ச்சி' என்று எழுதினார். சான்றிதழ் இணைப்பு என்ற இடத்தில், 'வெள்ளத்தில் சேதமடைந்தது' என்று எழுதினார்.

"எந்த வெள்ளம் டீச்சர்?"

"கடலூர்ல வெள்ளத்துக்கா பஞ்சம்?"

வேலை நிலைத்தது. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த நன்றி பொய்யில்லை. இப்போதும் அதை மறுக்கவில்லை.

எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் தேவனாம்பட்டினத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். அம்மா இல்லை. அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அவர் விடியலில் கரைக்கு வந்ததும் வலையிலிருந்து மீனைப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் இவள் குளித்துக் கிளம்புவாள். வாரத்தில் மூன்று நாளாவது முதல் மணி அடித்த பிறகு வருவாள். தாமதமாக வருகிறவர்கள் பெயரைக் கேட்டில் உள்ள பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அவள் பெயரை நான் எழுதுவதில்லை. கேட்டைக் கொஞ்சமாகத் திறந்து, "ஓடு, ஓடு" என்பேன். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவாள்.

ஜனவரியில் ஒரு மாலை, டம்ளர் எடுக்க ஆசிரியர் அறைக்குப் போனேன். டீச்சர் மட்டும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். கேஸ் ஸ்டடி நோட்டு.

"அண்ணே, எட்டாவது பி-ல அந்தப் பொண்ணு கையெல்லாம் கோடு கோடா இருக்கே, பாத்தீங்களா?"

"வலை நூல் டீச்சர். நைலான். மீன் பிரிக்கிறப்ப அறுத்துடும். தொறமுகத்துல பாத்திருக்கேன், எல்லார் கையும் அப்படித்தான் இருக்கும்."

அவர் நோட்டைப் பார்த்தார். "அது ஒரு வரிதான் வரும் அண்ணே. இங்க காரணத்துக்கு எட்டு வரி விட்டிருக்காங்க."

"எட்டு வரிக்கு இன்னாத்த எழுதுவீங்க?"

"அதான் யோசிக்கிறேன்." பேனாவால் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "அவுங்கப்பா குடிப்பாரா?"

நான் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். "யாருதான் குடிக்கல டீச்சர்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.

பக்கத்தில் இன்னொரு பழைய நோட்டு விரித்துக் கிடந்தது. அவருக்கு முன்னால் படித்த யாரோ கொடுத்தது. அதிலும் ஒரு குழந்தை, அதிலும் குடித்துவிட்டு அடிக்கிற ஓர் அப்பா. கேஸ் ஸ்டடிக்குப் பிரச்சினை உள்ள பிள்ளையாக எடுக்க வேண்டும், பிரச்சினை பெரிதாக இருந்தால்தான் மார்க் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. அதனால் ஒருவர் நோட்டிலிருந்து இன்னொருவர் நோட்டுக்கு அந்த அப்பா வந்துகொண்டே இருந்தார். பெயர் மட்டும் மாறும். நோட்டு கல்லூரிக்குப் போகும், மார்க் வரும், பிறகு பழைய பேப்பர் கடைக்குப் போகும். அதுவரை அது யாரையும் தொட்டதில்லை.

மார்ச்சில் தொட்டது. குழந்தைகள் பாதுகாப்பு பற்றி ஒரு கூட்டம். உங்கள் பள்ளியில் என்ன கவனிக்கிறீர்கள் என்று காட்ட வேண்டும். எச்.எம். மேடம் பயிற்சி டீச்சரின் நோட்டை வாங்கிப் படித்திருக்கிறார். அன்று மதியம் டீயோடு நான் அவர் அறைக்குள் போனபோது டீச்சர் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"இது நெசமாம்மா?" என்று மேடம் கேட்டார். "அந்தப் புள்ளைய அப்பன் பெல்ட்டால அடிக்கிறான், சோறு போடாம வெளிய நிக்க வைக்கிறான்னு எழுதியிருக்க. நெசம்னா நான் சும்மா இருக்க முடியாது, மேல சொல்லியாகணும். மார்க்குக்கு எழுதினதுன்னா இப்பவே சொல்லிடு."

டீச்சர் மேசையில் கிடந்த நோட்டையே பார்த்தார்.

"மார்க்குக்கு எழுதியிருந்தா உன் சர்ட்டிபிகேட்ல எப்படிக் கையெழுத்துப் போடறதுன்னு நான் யோசிக்கணும். அதையும் சொல்லிடறேன். ஆனா சொல்லிடு."

மேடம் கெட்டவர் இல்லை. இரண்டையும் ஒளிக்காமல் சொன்னார். டீச்சர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வலை நூல் என்று இரண்டு சொல். அதைச் சொல்ல அந்த அறையில் என்னைத் தவிர ஆள் இல்லை. மேடத்தின் முதுகுக்குப் பின்னால் இருந்த பீரோவில் என் படிவம் இருந்தது. டம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்தேன். வாசலைத் தாண்டும்போது டீச்சர் குரல் கேட்டது.

"பாத்துதான் எழுதினேன் மேடம்."

நான்கு நாள் கழித்துக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். ஓர் அம்மாவும் ஓர் இளைஞரும். பெண்ணைக் கூப்பிட்டு உட்காரவைத்து அன்பாகத்தான் கேட்டார்கள். என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னதால் கதவருகே நின்றிருந்தேன்.

"அப்பா அடிப்பாராம்மா?"

"அடிக்க மாட்டாரு."

"கையில இது என்ன?"

"வலை அறுத்தது."

அந்த அம்மா நோட்டைப் புரட்டி ஒரு வரியை இளைஞரிடம் விரலால் காட்டினார். பெண்ணை அறைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போன பிறகு மேசையில் திறந்து கிடந்த நோட்டில் நானும் பார்த்தேன். 'குழந்தையின் மனநிலை' என்ற இடத்தில் டீச்சரின் குண்டு குண்டான கையெழுத்து: 'கேட்டால் மறுப்பாள். பயத்தால் தந்தையைக் காப்பாற்றவே முயல்வாள். வேறு காரணம் கூறுவாள்.' அவள் எத்தனை முறை இல்லை என்றாளோ அத்தனை முறையும் அந்த வரி சரியாகிக்கொண்டே போயிருக்கிறது.

விசாரணை முடியும் வரை சிதம்பரம் தாண்டி ஓர் இல்லத்தில் வைத்திருப்பார்கள் என்றார்கள். ஜீப்பில் ஏறும்போது அவள் என்னைப் பார்த்து, "அண்ணா, எங்கப்பாகிட்ட சொல்லிடு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் சொல்வதற்கு முன்பே அவர் வந்துவிட்டார். ஒல்லியான ஆள், கண் இரண்டும் உப்புக்காற்றில் சிவந்து எப்போதும் தூக்கமில்லாதது போல இருக்கும்.

"தம்பி, ஏம்பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சி?"

"தப்பு ஒண்ணும் இல்லண்ணே. விசாரிக்கக் கூட்டிட்டுப் போயிருக்காங்க."

"இன்னா விசாரிக்கணும்? என்னைக் கேட்டா நான் சொல்றேன்ல."

மேடம் அவரிடம் பேசினார். இனி அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும் என்றார். அலுவலகத்தில் ஒரு தேதி கொடுத்தார்கள். தேதி தள்ளி இருந்தது. அவர் கடலுக்குப் போகாமல் இரண்டு நாள் பள்ளிக்கு எதிரே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் குடித்துவிட்டு வந்தார். கேட்டைப் பிடித்து ஆட்டி, காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தையெல்லாம் பேசினார். பிள்ளைகள் ஜன்னலில் கூடி நின்றார்கள். மேடம் மாடியிலிருந்து பார்த்தார். உள்ளே போய் அலுவலகத்துக்கு அதையும் எழுதி அனுப்பினார். எட்டு வரியில் ஒரு வரி அன்றைக்கு உண்மையானது.

டீச்சர் அப்போது வேதியியல் சோதனைக்கூடத்தில் இருந்தார். சத்தம் கேட்டிருக்கும். மாலையில் கேட்டைத் தாண்டும்போது என்னிடம் நின்று, "பாத்தீங்களா அண்ணே, எப்படிப் பேசறாருன்னு" என்றார். அதைச் சொன்ன குரலில் பயம் இருந்தது. கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சிதம்பரம் போனேன். வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. "ஃபாரம் எழுதித் தர்ற டீச்சரா?" என்று சந்து முனையிலேயே வழி சொன்னார்கள். வாசலில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், ஆதார் திருத்தம். ஒரு பைசா வாங்காமல் எழுதிக் கொடுப்பார். ஒரு கிழவர் அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். உள்ளே கட்டிலில் கணவர் கவிழ்ந்து படுத்திருந்தார். எனக்குக் காபி கொடுத்தார்கள். காத்திருந்த எல்லோரும் போகும் வரை நான் பேசவில்லை.

"டீச்சர், நாளைக்கு மேடம்கிட்ட சொல்லிடுங்க."

"எத அண்ணே?"

"வலை நூலுன்னு நான் சொன்னது. நீங்க எட்டு வரிக்காக எழுதினது."

அவர் கணவர் படுத்திருந்த பக்கம் பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்து வந்தார். சந்தில் நின்று பேசினோம்.

"சொன்னா எனக்கு ஒரு வருஷம் போயிடும். ஸ்ரீமுஷ்ணத்துல வேற ஆளைப் போட்டுடுவாங்க."

"அந்தப் பொண்ணுக்கு?"

"அவளுக்கு அங்க மூணு வேள சோறு போடறாங்க. ஸ்கூலுக்கு அனுப்பறாங்க. விடியக்காலையில எழுந்து மீன் பிரிக்க வேணாம். யோசிச்சுப் பாருங்க, எது நல்லது?"

"அவ அப்பன் அடிச்சதில்ல டீச்சர்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அவுங்க வீட்டுக்குள்ள போயிருக்கீங்களா?"

நான் போனதில்லை. அவரும் போனதில்லை. அதைச் சொன்னேன். அவர் சந்தின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நீங்க சொல்லணும்னா சொல்லுங்க. நான் தடுக்கல. ஆனா உங்க ஃபாரத்தையும் எடுப்பாங்க. அதான் எனக்குக் கவலை."

மிரட்டினாரா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மிரட்டவில்லை. உண்மையாகவே என்னை நினைத்துக் கவலைப்பட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை மணி அடித்துவிட்டு நேராக மேடம் அறைக்குப் போனேன். என் படிவத்திலிருந்தே தொடங்கினேன், அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் நிற்காது என்று தோன்றியது. மேடம் முழுதும் கேட்டார். "ஏம்பா அன்னைக்கே சொல்லல?" என்றார். அதற்குப் பதில் அவருக்கே தெரிந்திருந்தது. எழுதிக் கொடு என்றார். ஐந்து வரி எழுதினேன். அதற்கு எனக்கு அரை மணி நேரம் ஆனது.

"சர்ட்டிபிகேட்ல வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுக் காலேஜுக்கு அனுப்பிட்டேன், இனிமே திரும்ப வாங்க முடியாது" என்று சொல்லி, என் தாளை அலுவலகத்துக்கு அனுப்பினார். மாதக் கடைசியில் என் வேலை போனது. வேலை போவது எனக்குப் பழக்கம். திரும்பத் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றப் போனேன்.

மே மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பெண்ணின் அப்பா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு விறைப்பாக நின்றார். குடித்திருக்கவில்லை. டீச்சர் வரவில்லை. பதிலை எழுத்தில் அனுப்பியிருந்தார். இரண்டு பக்கம். விசாரணை நடத்திய அதிகாரியம்மா அதிலிருந்து என்னைப் பற்றிய பகுதியைப் படித்தார்: மாணவியின் தந்தையுடன் சேர்ந்து மது அருந்தும் பழக்கமுள்ளவர், பொய்யான கல்வித் தகுதி காட்டி வேலையில் சேர்ந்தவர்.

"இதெல்லாம் உண்மையா?"

"ரெண்டாவது உண்மை மேடம்."

அதை யார் நிரப்பிக் கொடுத்தார்கள் என்பதையும் சொன்னேன். அவர் குறித்துக்கொள்ளவில்லை.

பெண்ணைக் கூட்டி வந்தார்கள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தார்கள். இரண்டு மாதத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அதிகாரியம்மா அவள் கைகளைத் திருப்பிப் பார்த்தார். கோடுகள் மறைந்திருந்தன. வலையைத் தொடாத கையில் எப்படி இருக்கும்? 'தந்தையைப் பிரிந்த பின் புதிய காயம் எதுவும் இல்லை' என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு பேனாவை நிறுத்திக்கொண்டு கேட்டார்.

"கடைசியா கேக்கறேன்மா. பயப்படாத. அப்பா அடிப்பாரா?"

அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. பேனா முனையைத்தான் பார்த்தாள்.

"ஆமா. அடிப்பாரு."

 அப்பாவை வெளியே உட்காரச் சொன்னார்கள். நடையில் அவளோடு வந்த ஆயா தண்ணீர் பிடிக்கப் போன சமயத்தில் நான் அவள் பக்கத்தில் போனேன்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"இல்லன்னா திரும்பத் திரும்பக் கேக்கறாங்க அண்ணா. ஆமான்னு சொல்லிட்டா முடிச்சிடுவாங்க, வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு அங்க ஓர் அக்கா சொல்லிச்சி." பிறகு கேட்டாள், "இன்னைக்கே போலாமா?"

நான் தரையைப் பார்த்தேன். ஆயா வந்து அவளை மறுபடி இல்லத்துக்கே கூட்டிக்கொண்டு போனாள். படிக்கட்டில் அவள் அப்பா கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"நான் எப்ப தம்பி அடிச்சேன்?" என்றார். என்னைக் குற்றம் சொல்லும் குரல் இல்லை. உண்மையாகவே யோசிக்கிற குரல். "குடிச்சிட்டு வந்த அன்னைக்கு எதனா பண்ணியிருப்பனோ? எனக்கு நெனவு இல்லியே."

ஒரு வாரம் கழித்து டீச்சர் போன் செய்தார்.

"அண்ணே, அவ ஒத்துக்கிட்டாளாமே." குரல் உடைந்திருந்தது. அழுதுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். "ரெண்டு மாசமா எனக்குச் சோறு எறங்கல அண்ணே. ஒருவேள தப்பா எழுதிட்டமோ, ஒரு புள்ளைய அநியாயமா பிரிச்சிட்டமோன்னு. இப்பதான் மூச்சு வருது. நான் பாத்துதான் எழுதியிருக்கேன்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"உங்களப் பத்தி எழுதினதுக்குக் கோச்சிக்காதீங்க. சாட்சி பொய் சொல்லக் காரணம் என்னன்னு ஒரு கேள்வி இருந்துச்சி. ஏதாவது எழுதணுமில்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஒரு நல்ல சேதி. நான் அந்த இல்லத்துல பேசிட்டேன். இங்க என் ஸ்கூல்லயே, என் கிளாஸ்லயே அவளச் சேக்கப் போறேன். ஃபீஸ் வேணாம்னு கரெஸ்பாண்டன்ட் ஒத்துக்கிட்டாரு. இனிமே அவள நான் பாத்துக்கறேன் அண்ணே."

ஜூனில் சேர்த்துவிட்டார். அப்பா மாதம் ஒரு தடவை ஸ்ரீமுஷ்ணம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். பள்ளி அலுவலகத்தில் அரை மணி நேரம் விடுகிறார்களாம், டீச்சரும் கூட இருப்பாராம். போன தடவை வந்து இறங்கியவரிடம் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். "இன்னா கேட்டாலும் மொதல்ல டீச்சர் மூஞ்சியப் பாக்குது தம்பி. அப்புறந்தான் எனக்குப் பதில் சொல்லுது."